ஐந்தாவது வாக்கியம்

காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் தம்பி. அந்தச் சாக்கு சாய்ந்தால் உங்கள் விரல் போய்விடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் இடது காலைப் பாருங்கள். சுண்டுவிரலும் இல்லை, அதற்குப் பக்கத்து விரலும் இல்லை. இந்தச் சாக்குக்குள் இருப்பதைப் போல ஒன்று ஒரே ஒரு தடவை புரண்டது. அவ்வளவுதான்.

பலாப்பழம் இல்லை. காலையிலிருந்து எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். தஞ்சாவூரில் ஏறும்போது இந்தக் கண்டக்டரும் கேட்டார். "என்ன பெரியவரே, பலாப்பழமா, வாசனையே வரலியே" என்றார். முட்டுக்கட்டை என்றேன். சிரித்தார். இப்போது நீங்களும் சிரிக்கிறீர்கள். உதடு கோணியதை நான் பார்த்தேன். இந்தச் சொல்லைக் கேட்டால் ஏன் சிரிப்பு வருகிறது உங்களுக்கெல்லாம்? எத்தனை தடவை பேப்பரில் படித்திருப்பீர்கள், எத்தனை பேரைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். ஒரு தடவையாவது கையால் தொட்டதுண்டா? தொட்டுப் பாருங்கள். சாக்கோடு தடவினால் போதும், கயிற்றை அவிழ்க்க வேண்டாம். அடியில் வேறு சாமான் இருக்கிறது.

புளியமரம். உள்வயிரம். கத்தி இறங்காது.

என் பேர் வைத்திலிங்கம். ஊர் திருக்கொன்றையூர். கும்பகோணம் தாண்டி மாயவரம் போகிற வழியில் இருக்கிறது. நீங்கள் மாயவரம் வரை போகிறீர்கள் என்றால் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் கோயில் தேருக்கு நாற்பத்தொரு வருஷமாக நான்தான் கட்டை போடுகிறேன். ஊரில் கட்டைக்கார வைத்தி என்றால்தான் தெரியும். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லைப் பற்றி என்னிடம் எந்தப் புலவரும் பேச முடியாது. இன்றைக்குப் பேசிவிட்டுத்தான் வருகிறேன்.

எங்கள் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அதற்கு நேராகத்தான் போகத் தெரியும். முந்நூறு பேர் வடம் பிடித்து இழுக்கும்போது எதிரே வீடு இருந்தால் வீட்டுக்குள்ளேயே போகும். அதை வீதி முனையில் எப்படித் திருப்புகிறார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சாய்வாகக் கொடுக்க வேண்டும். சக்கரம் கட்டையில் ஏறும், வழுக்கும், ஒரு சாண் ஒதுங்கி இறங்கும். அந்த ஒரு சாண்தான் திருப்பம். உடனே கட்டையை எடுக்க வேண்டும். மறுபடி கொடுக்க வேண்டும். மறுபடி எடுக்க வேண்டும். கீழவீதி முனையில் ஒரே திருப்பத்துக்கு நாற்பது தடவை கொடுத்து எடுத்திருக்கிறேன்.

கொடுப்பது பெரிய வேலை இல்லை தம்பி. பயமில்லாதவன் எவனும் கொடுத்துவிடலாம். எடுப்பதுதான் வேலை. சக்கரம் கட்டையின் மேல் முழுசாக உட்காருவதற்குள் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் கட்டையைச் சக்கரம் கவ்விக்கொள்ளும். அப்புறம் யார் வந்தாலும் வராது. கோடாலி போட்டுப் பிளந்துதான் எடுக்க வேண்டும். நாற்பத்தொரு வருஷத்தில் என் கையில் ஒரு கட்டை பிளந்ததில்லை. எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எடுக்க இரண்டு ஆள் வேண்டும். கட்டையின் பின்பக்கம் துளை போட்டுக் கயிறு கட்டியிருக்கும். நான் பக்கவாட்டில் சம்மட்டியால் ஒரு தட்டு தட்டி "இழு" என்பேன். நடேசன் கயிற்றை இழுப்பான். நடேசன் என் தங்கை கோமளத்தின் புருஷன். கட்டை வெளியே வந்ததும் நான் சக்கரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவேன். எடுத்தாச்சு என்று அர்த்தம். கொட்டுச் சத்தத்தில் குரல் கேட்காது. அந்தத் தட்டு மரத்தின் வழியாக மேலே போகும், தேர் மேலே நிற்கிறவன் பச்சைக்கொடி காட்டுவான். அது இல்லாமல் வடத்தில் ஒருத்தன் கை வைக்கக் கூடாது.

இது வேலை. இப்போது வசவுக்கு வருகிறேன்.

நாலு நாளைக்கு முன்னால் எங்கள் ஊரில் விழாக் குழுக் கூட்டம். செயலாளர் மதியழகன் மைக்கைப் பிடித்தான். முன்வரிசையில் அரிசி ஆலைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். "நமது விழாவின் அச்சாணி அண்ணன் அவர்களுக்குப் பொன்னாடை" என்றான். போர்த்தினார்கள். கை தட்டினார்கள். அடுத்த வார்த்தை என்ன தெரியுமா? "சில முட்டுக்கட்டைகளைத் தாண்டி இந்த ஆண்டும் நம் தேர் ஓடும்."

அதே தேர். அதே சக்கரம். அச்சாணி என்றால் பொன்னாடை, முட்டுக்கட்டை என்றால் வசவு. அச்சாணி என்ன செய்கிறது, சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள் ஆசாரி வந்து அடித்துவிட்டுப் போகிறார். அது பாட்டுக்கு இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் தார் ரோட்டில் சக்கரத்துக்கு முன்னால் படுத்து எழுந்திருப்பது யார்? வடம் பிடிப்பதும் மரியாதை. வருகிற பெரிய மனிதர்களெல்லாம் கொஞ்ச நேரம் வடத்தைத் தொட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கட்டையைத் தொட்டு ஒருத்தர் போட்டோ எடுத்து நான் பார்த்ததில்லை.

நான் எழுந்தேன்.

"மதி, நிறுத்து. எந்த முட்டுக்கட்டையைத் தாண்டினே?"

"பெரியப்பா, அது சும்மா ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்குத்தான் கேக்கறேன். முட்டுக்கட்டையைத் தாண்டின தேரை நீ பாத்திருக்கியா? தாண்டினா எங்க போய் நிக்கும் தெரியுமா? உன் மாமனார் வீட்டுக் கூடத்துல நிக்கும். அவர் எழுந்து வாங்க உக்காருங்கன்னு சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சரி, என் பக்கம் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான். "கட்டைக்காரர் கட்டையப் போட்டுட்டாருப்பா. இனி மீட்டிங் நகராது." அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பொன்னாடை போர்த்திய மனிதர்கூடச் சிரித்தார். அந்த எருமை மாடு மதியழகன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தான்.

எருமை என்று நான் சொன்னது வேறு. எருமை வந்து என் பேரை ஏன் வசவாக்கினாய் என்று என்னிடம் கேட்கப் போவதில்லை. அது வேறு விஷயம்.

துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நடேசன் நின்றுகொண்டிருந்தான். அவனும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. தேர் அன்றைக்கு மட்டும் பேசுவோம். நான் "இழு" என்பேன், அவன் "ம்" என்பான். அவ்வளவுதான் எங்கள் உறவு. அன்றைக்கு அவனாகப் பேசினான்.

"மச்சான், வர்ற திங்கக்கிழமை கடைசி நாளாம்."

"எதுக்கு?"

அவன் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டான். எனக்குத் தெரியும் எதற்கென்று. கோமளம் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். என் மகளுக்கு மறுபடி வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இன்றைக்கு நான் பார்த்துவிட்டு வரும் வாத்தியாரைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் வேர் அவர்தான்.

வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தேன். பதினைந்து வருஷத்து நோட்டு. என் மகள் பூங்கோதை ஆறாம் வகுப்புப் படித்தபோது எழுதிய தமிழ் நோட்டு. ஒரே பிள்ளை எனக்கு. நன்றாகப் படிக்கும். அறவாழி என்று ஒரு தமிழ் வாத்தியார், ஐந்து சொல் கொடுத்து வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லியிருக்கிறார். நாலு சொல்லுக்குச் சரி போட்டிருக்கிறார். ஐந்தாவது சொல் முட்டுக்கட்டை. அவள் என்ன எழுதினாள் தெரியுமா? முட்டுக்கட்டை போட்டால்தான் தேர் திரும்பும். பதினோரு வயதுப் பிள்ளை. எப்படி எழுதியிருக்கிறாள் பாருங்கள். அதற்கு அந்த மனிதர் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. பெருக்கல் குறி. தப்பு.

அப்போதே, தப்பு போட்ட மறுநாள், பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். பாதி வகுப்பில் கூப்பிட்டேன்.

"என்ன சார் தப்பு இதுல?"

"தப்புன்னு இல்லைங்க. பரீட்சையில இப்படி எழுதினா மார்க் போட மாட்டாங்க. நாட்டின் முன்னேற்றத்துக்கு வறுமை முட்டுக்கட்டையாக உள்ளது, இப்படி எழுதணும். முட்டுக்கட்டைன்னா தடைன்னு அர்த்தம்."

"நான் தடையா சார்?"

"நீங்க இல்லைங்க, சொல்லு."

வகுப்பில் இருந்த பிள்ளைகளெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அந்த வகுப்பில் என் மகளும் இருக்கிறாள். நாற்பது பிள்ளைகளும் வறுமை முட்டுக்கட்டை, சோம்பல் முட்டுக்கட்டை என்று எழுதிச் சரி வாங்கியிருக்கிறார்கள். பார்த்ததை எழுதியவள் ஒருத்தி. அவளுக்குத் தப்பு. அன்றைக்கு மனதில் ஏற்றி வைத்தேன் தம்பி. பதினைந்து வருஷமாக இறக்கவில்லை.

இப்போது மகளுக்கு வருகிறேன்.

நர்சிங் முடித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்தது. நல்ல வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் மெட்ராஸில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்க வேண்டுமாம். அந்த ஃபைல் என்னிடம் இருந்தது. தேர் நிற்கிற தேர்முட்டிக்குப் பக்கத்தில் கட்டைகள் வைக்கிற அறை ஒன்று உண்டு. அதன் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

"அப்பா, சர்டிபிகேட் எங்க?"

"இருக்கு."

"இருக்குன்னா எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும்ப்பா."

"பாக்கலாம்."

நான் மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை தம்பி. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். ஒரு பொருள் வேகமாகப் போகிறது என்றால் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது என் பழக்கம். நாலு வருஷத்துக்கு முன் தேர் தெற்குவீதியில் போய்க்கொண்டிருந்தபோது புதிதாகச் சாக்கடை மேல் போட்ட சிலாப் ஒன்றைப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. கட்டையைக் கொடுத்துவிட்டேன். ஊரே கத்தியது. வெயிலில் நிற்கிறோம், கட்டைக்காரனுக்குப் பைத்தியமா என்றார்கள். இரும்புப் பலகை கொண்டுவந்து போடச் சொன்னேன். போட்ட பிறகுதான் எடுத்தேன். தேர் பத்திரமாகப் போனது. சிலாப் உடைந்திருக்குமா என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? உடையவில்லை, அதனால் நான் பைத்தியம். உடைந்திருந்தால் நான் தெய்வம். நடக்காத விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அதே மாதிரிதான் இதுவும். குவைத் என்ன ஊர், என்ன வெயில், யார் இருக்கிறார்கள் அங்கே? கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்றேன். அவள் அம்மா போய் அப்போது எட்டு மாதம். வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டாமா? அது வேறு. அதற்காக நான் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மறுநாள் கோமளமும் நடேசனும் வந்துவிட்டார்கள். கோமளம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"அண்ணே, பெத்த பொண்ணு வாழ்க்கையில ஏண்ணே முட்டுக்கட்டை போடறே?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "ஏ கோமளம், எதை வேணாலும் சொல்லு. அந்தச் சொல்ல என் வாசல்ல வந்து சொல்லாதே. உன் புருஷன் கயிறு பிடிக்கிற கட்டை அது. நீ தின்ன சோறு அது."

"சோறும் வேணாம், கட்டையும் வேணாம். பிள்ளை ஃபைலைக் குடு."

"பாக்கலாம்."

பூங்கோதை கதவில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. அவள் அம்மாவைப் போல, கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அத்தையைப் பார்த்துச் சொன்னாள். "அத்தே, முட்டுக்கட்டைன்னு சொல்லாதீங்க. அதை எடுத்துடுவாங்க."

பார்த்தீர்களா தம்பி? அவ்வளவு கோபத்திலும் என் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை. சொந்த அத்தையையே திருத்தினாள். என் ரத்தம். எனக்கு அந்த நேரத்தில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நடேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனான். அன்றோடு பேச்சு நின்றது.

மறுநாள் காலை பூங்கோதை பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அதுதான் புரியவில்லை. என் பக்கம் அப்படிப் பேசிய பெண் ஏன் போக வேண்டும்?

தாராசுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜெராக்ஸைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்திலேயே பெண்கள் விடுதி. மாதம் ஒரு முறை போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாள். கடைசியில், "எடுத்து வெச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்பாள். நான் பார்க்கலாம் என்பேன். இரண்டு வருஷம் கேட்டாள். போன பொங்கலிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெச்சிடறேன். மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேருக்கும் வருவதில்லை.

இன்றைக்குக் காலையில் கட்டை அறையைத் திறந்தேன். ஒரு கட்டையை எடுத்தேன். நோட்டை எடுத்தேன். அந்த ஃபைலையும் எடுத்துச் சாக்கில் அடியில் போட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். நீங்கள் தப்பு போட்ட பிள்ளை எத்தனை சர்டிபிகேட் வாங்கியிருக்கிறது பாருங்கள் என்று வாத்தியாருக்குக் காட்டத்தான் எடுத்தேன். வேறு ஒன்றுமில்லை.

வாத்தியார் இப்போது தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டாவது மாடி. இதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தவர் கிழவராகிவிட்டார். என்னைவிடக் கிழவர். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு என்று மனதில் வைத்திருந்த ஆள் வேறு, மீசையெல்லாம் கறுப்பாக இருந்த ஆள்.

"யாரு?"

"திருக்கொன்றையூர். கட்டைக்கார வைத்திலிங்கம். பூங்கோதை அப்பா."

"அட, பூங்கோதையா. அருமையா எழுதும் அந்தப் பிள்ளை. வாங்க, உக்காருங்க. தனம், இவர் பலாப்பழம் கொண்டாந்திருக்கார் பாரு. எதுக்குங்க இதெல்லாம், இவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு."

சாக்கை அவிழ்த்துக் கட்டையை மேஜையில் வைத்தேன். தண்ணீர்ச் செம்பு ஒரு துள்ளு துள்ளியது. அவர் மனைவி காபியோடு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இதுக்கு ஒரு நியாயம் சொல்லுங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சிவப்பு இல்லைங்க, நீலம்தான் இருக்கு. பரவாயில்லையா?" என்றார். அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் சரி என்று குறி போட்டார். கீழே கையெழுத்துப் போட்டு இன்றைய தேதி எழுதினார். "தப்பு என்னோடதுதான். பிள்ளை எழுதினது சரி."

அரை நிமிஷம் தம்பி. பதினைந்து வருஷமாக இந்த மனிதரோடு மனதுக்குள் பேசி வைத்திருக்கிறேன். இவர் இப்படிக் கேட்டால் நான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் தயார். காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். இப்படி ஒருத்தரை என்ன செய்வது? கோபம் இன்னும் கூடிவிட்டது எனக்கு.

"அப்ப அன்னிக்கு ஏன் தப்புன்னு போட்டீங்க?"

பேனாவை மூடிப் பையில் வைத்தார். "நானும் உங்க ஊர்த் தேரு பாத்தவன்தாங்க. ஆனா தூரத்துல நின்னு பாத்தேன். தூரத்துல நின்னா கட்டை போடறது தெரியும், தேர் நிக்கறது தெரியும். அதை எடுக்கறது தெரியாது. அதுக்குள்ள எல்லாரும் தேரைப் பாக்க ஆரம்பிச்சிடுவோம். இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் வந்ததும் அப்படித்தான் இருக்கும். தூரத்துல நின்னவங்க வெச்ச அர்த்தம். பக்கத்துல நின்ன பிள்ளைக்கு வேற மாதிரி தெரிஞ்சிருக்கு."

"அப்ப மாத்துங்க. புஸ்தகத்துல மாத்துங்க."

"முடியாதுங்க. ஊர் சொல்லிச் சொல்லி அந்த அர்த்தம் நின்னு போச்சு. ஒரு சொல்லு பொறந்த வீட்டுலயே இருக்குமா? பொண்ணு மாதிரிதான் அதுவும். வெளியில போகும், போன இடத்துல அதுக்குன்னு ஒரு வாழ்க்கை வரும். நாம கதவைப் பூட்டி வெச்சுக்க முடியாது."

"சொல்லைப் பத்திப் பேசும்போது பொண்ணை ஏன் சார் இழுக்கறீங்க?"

"ஒரு உவமைக்குச் சொன்னேங்க."

"உவமையாலதான் இவ்வளவு வம்பும்."

அவர் மனைவி சிரித்துவிட்டார். வாத்தியாரும் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது தம்பி. என் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. அதை நான் நம்புகிறேன். ஆனால் அடுத்ததாக ஒன்று செய்தார். நோட்டைத் தூக்கிப் பிடித்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார். வகுப்பில் வாசிக்கிற குரலில்.

"முட்டுக்கட்டை போட்டால்தான் தேர் திரும்பும், திரும்பியதும் என் அப்பா அதை எடுத்துவிடுவார்."

ஆமாம், இரண்டாம் பாதி ஒன்று உண்டு. உங்களிடம் நான் சொல்லவில்லையா? விட்டுப்போயிருக்கும். எல்லோரிடமும் முதல் பாதியைத்தான் சொல்வது வழக்கம். சண்டைக்கு அது போதும்.

"எவ்வளவு அழகா முடிச்சிருக்கு பாருங்க" என்றார். "ஆமா, எடுக்கறதுக்குன்னு ஒரு நேரம் இருக்கா? எப்ப எடுக்கணும்?"

"உடனே எடுக்கணும்."

"எடுக்கலைன்னா?"

"கவ்விக்கும்."

"அப்புறம்?"

நாற்பத்தொரு வருஷ வேலை. யார் கேட்டாலும் அரை மணி நேரம் நிற்காமல் சொல்வேன். உங்களுக்கே சொன்னேன். அங்கே வாய் வரவில்லை. அந்த நோட்டுக் கொடுத்த அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் என்னிடம் கேட்டது. "அப்பா, நீங்க எடுத்துடுவீங்கதானே? சார் தப்புன்னு போட்டுட்டார்." எடுக்காமலா, ஊருக்கே தெரியுமே என்றேன். அது எனக்கு அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போது ஞாபகம் வந்தது. அப்புறம் கதவில் சாய்ந்து நின்று அவள் அத்தையிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது. அதை எடுத்துடுவாங்க. எடுத்துடுவாங்க என்றுதானே சொன்னாள். என் பக்கம்தானே பேசினாள். நீங்கள் சொல்லுங்கள், வெளி ஆள். என் பக்கம்தானே பேசினாள்?

ஏன் ஜன்னலைப் பார்க்கிறீர்கள்?

சரி விடுங்கள். காபியைக் குடிக்காமல் கட்டையைச் சாக்கில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். ஃபைலைக் காட்டவில்லை. மறந்துவிட்டது. பஸ் ஏறியதிலிருந்து கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. வாத்தியார் மேல் வைத்திருந்தேன், அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மதியழகன் மேல் வைக்கலாம் என்றால் அவன் அதற்குத் தாங்க மாட்டான், வெத்துவேட்டு. இறக்கி வைக்க இடமில்லாமல் தூக்கிக்கொண்டு போகிறேன். இதைவிட அந்தக் கட்டை கனமில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமைதானே? சனி, ஞாயிறு. திங்கள். மெட்ராஸுக்கு இன்றைக்கு ஏறினாலும் போதும், நாளைக்கு ஏறினாலும் போதும். சும்மா கணக்குப் பார்த்தேன்.

என்ன ஊர் இது? ரயில்வே கேட் தாண்டிவிட்டதா? தாராசுரமா?

கண்டக்டர். ஓ கண்டக்டர். ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். டிக்கெட் திருக்கொன்றையூருக்குத்தான் எடுத்திருக்கிறேன், தெரியும். இருக்கட்டும். ஏன் கத்துகிறீர், வயசான ஆள் எழுந்திருக்க வேண்டாமா? இவன் ஒருத்தன்.

தம்பி, ஒரு கை கொடுங்கள். அந்தக் கயிற்றை அவிழுங்கள். அவிழ்க்க வேண்டாம் என்று சொன்னேன்தான், இப்போது அவிழுங்கள். கட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், இன்னும் கொஞ்சம். ம். ஃபைல் வந்துவிட்டது. நோட்டும் இதிலேயே இருக்கிறது. வாத்தியார் சரி போட்டதைக் காட்டிவிட்டு வரத்தான் போகிறேன். அவள் பார்க்க வேண்டாமா? பதினைந்து வருஷத்து மார்க். ஃபைலை நானாகக் கொடுக்க மாட்டேன். அவள் கேட்டால் கொடுப்பேன். இரண்டு வருஷம் கேட்டவள் இன்னொரு தடவை கேட்க மாட்டாளா? கேட்காவிட்டால்...

கேட்காவிட்டால் மேஜையில் வைத்துவிட்டு வருகிறேன். மறந்து வைத்த மாதிரி.

கட்டை இங்கேயே இருக்கட்டும். இதைத் தூக்கிக்கொண்டு நான் பெண்கள் விடுதிக்குப் போனால் உள்ளே விட மாட்டார்கள். நீங்கள் மாயவரம்தானே போகிறீர்கள். திருக்கொன்றையூர் நிறுத்தத்தில் டீக்கடை பெஞ்சில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். ஒல்லியாக, தோளில் பச்சைத் துண்டு. நடேசன். ஜன்னல் வழியாக ஒரு குரல் கொடுத்தால் வந்து இறக்கிக்கொள்வான். என்ன சொல்ல என்கிறீர்களா? ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் இல்லாமல் கட்டை மட்டும் தனியாக வந்தால் அவனுக்குத் தெரியும்.

இறங்குகிறேன், இறங்குகிறேன். காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்டக்டரிடம் விசில் ஊத வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் கீழே போய் நானே பஸ்ஸைத் தட்டுகிறேன். இரண்டு தட்டு. அதைக் கேட்டபிறகு எடுக்கட்டும் வண்டியை.